முனகும் பலகை

ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்ததும்
சுப்பீரியர் ஏரியின் வடகரையில்
பலகைகளைக் கழற்றத் தொடங்கினோம்.
முப்பத்தாறு வருடத்து சிடார்.
வெயிலும் உறைபனியும் தின்று
சாம்பல் பூத்த மேல்முகம்,
கவிழ்த்தால் அடியில் இன்னும் சிவப்பு.
ஒவ்வொன்றின் முதுகிலும்
மஞ்சள் சாக்குக்கட்டியால் எண் போட்டது நான்தான்.
குப்பைக்குப் போகிற மரத்துக்கு எதற்கு எண் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
டெண்டரில் அப்படி இருந்தது.

இடுக்கு வழியே விழுந்ததெல்லாம் அடியில் கிடந்தது:
சில்லறை, வாளி வாளியாக,
ஒரு குழந்தையின் மூக்குக்கண்ணாடி,
நழுவியதா எறிந்ததா தெரியாத ஒரு மோதிரம்.
எங்கள் மேஸ்திரி வெர்னா கொஸ்கெலா
மோதிரத்தை நூலில் கோத்து
கம்பிவேலியில் தொங்கவிட்டாள்.
மூன்றாம் நாள் நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில்.
மறுசுழற்சி பிளாஸ்டிக், ஐம்பது வருட உத்தரவாதம்,
நாய்களுக்குத் தனிக் குழாய்.
ஒருவர் நீரூற்று கேட்டார்.
கடல்போல் கிடக்கிற ஏரிக்கு முன்னால்
ஒரு நீரூற்று.

கடைசியில் எழுந்தவர் ஆன்செல்ம் கெரான்.
பார்வை போய்ப் பதினோரு வருடம்.
"விளக்கின் நிறம் பேசினீர்கள்,
நிழல் எங்கே விழும் என்றும் பேசினீர்கள்.
வாசலிலிருந்து நூற்று நாற்பது எட்டு.
அங்கே ஒரு பலகை பூனை மாதிரி முனகும்.
அதிலிருந்து இடப்பக்கம் மூன்று எட்டு வைத்தால்
என் பெஞ்சு.
புதுப் பலகை முனகுமா?"

பொறியாளர் பெருமையோடு சொன்னார்:
"சத்தமே வராது."
அவர் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.
கூட்டக் குறிப்பில்
'கேள்விக்கு விளக்கம் அளிக்கப்பட்டது.'

அன்று மாலை நானும் வெர்னாவும்
குவியலில் அந்தப் பலகையைத் தேடினோம்.
இருநூற்றுப் பதினேழாக இருக்கலாம்.
இரண்டு செங்கல்மேல் கிடத்தி
ஏறி மிதித்தோம், குதித்தோம்.
மூச்சு விடவில்லை அது.

பலகை தனியாக முனகுவதில்லை.
அதற்கு ஓர் ஆணி வேண்டும்,
ஆணிக்குத் தளர்ந்த துளை,
அதன்மேல் எங்கோ போகிற ஓர் ஆள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு
வெர்னா ஒரேயொரு திருகாணியை
அரைச் சுற்று தளர்த்திவிட்டு
திருப்புளியைப் பையில் போட்டாள்.
ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் நான்.
எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆன்செல்ம் வந்தார், மிதித்தார்.
க்ளக் என்றது பிளாஸ்டிக்.
நின்று, மறுபடி மிதித்தார்.
"பூனை இல்லை, தவளை" என்றார்.
"பரவாயில்லை."
மூன்று எட்டு வைத்து உட்கார்ந்து
ஆப்பிள் தின்னத் தொடங்கினார்.

செப்டம்பரில் ஆய்வாளர் வந்தார்.
நல்ல மனுஷர், வேலையில் கறார்.
அறிக்கையில் ஒரு வரி:
'தளர்ந்த திருகாணி ஒன்று. முடுக்கப்பட்டது.'
அந்த இலையுதிர்காலம் முழுக்க
கெரான் பூங்காப்பக்கம் வரவே இல்லை.
அவருக்குச் சளி என்றார்கள்.

பிறகு குளிர்காலம்.
நாங்கள் ஆழமாய் ஊன்றிய தூண் ஒன்றை
ஏரி தன் பனிக்கட்டித் தோளால் முட்டி
ஒரு விரற்கடை உயர்த்திவைத்தது.
யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

மே மாதம் அவர் வந்தார்.
நூற்று இருபத்தொன்றாம் எட்டில்
மரப்பெட்டி திறப்பதுபோல் நீண்ட முனகல்.
அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தோம்.
இடப்பக்கம் மூன்று எட்டு,
கை நீட்டினார்,
காற்று.

கூப்பிட வாயெடுத்தேன்.
அதற்குள் அவரே திரும்பி
நாங்கள் நிற்கிற திசைக்குச் சரியாகச் சொன்னார்:
"சத்தம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.
பெஞ்சைத்தான் தப்பாக வைத்திருக்கிறீர்கள்."

வெர்னா என்னைப் பார்த்தாள்.
பெஞ்சை நகர்த்த
நகராட்சிப் படிவம் எட்டுப் பக்கம்.
போல்ட் நான்குதான்.